ஊரைக் காட்டுவதும் ஓர் உபசாரமே!



வெளியூரிலிருந்து விருந்தினர் வருகிறார்கள் என்ற செய்தி கிடைத்ததும் நம் இல்லங்களில் எழும் முதற்கேள்வி, "என்ன சமைப்பது?" என்பதுதான். நெய்ச்சோறா, பிரியாணியா, காலையில் இடியப்பத்துடன் பாயாவா என்று அடுப்படியில் ஆலோசனை நடக்கும். பெட்டியில் கிடந்த புதிய விரிப்புகள் கட்டிலுக்கு வரும். விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு இணைத்துச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தல்லவா நாம்! விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழியைப் பேசுகிறவர்களும் அல்லவா! உணவிலும் உறையுளிலும் நம்மவர்கள் குறை வைப்பதில்லை.

ஆனால், வந்தவர்கள் "ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும்" என்றதும் நாம் என்ன செய்கிறோம்? ஒரு வேனை அமர்த்துகிறோம். நமக்குத் தெரிந்த இடங்களையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதுகிறோம். காலையில் ஏற்றி இரவில் இறக்கிவிடுகிறோம். "இத்தனை இடங்களைக் காட்டிவிட்டேன்" என்று பெருமையும் பட்டுக்கொள்கிறோம். வந்தவர்களின் மனம் நிறைந்ததா என்று கேட்பதில்லை.

இப்படி ஊரைக் காட்டிப் பிழை செய்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பிழையையும், பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அதை ஓரளவு திருத்திக்கொள்ள இறைவன் அளித்த வாய்ப்பையும் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். என் ஊர் திருச்சிராப்பள்ளி. உங்கள் ஊர் வேறாக இருக்கலாம். செய்தி எல்லா ஊருக்கும் பொதுவானது.

பன்னிரண்டு இடங்கள், ஒரு கேள்வி

என் பெரியம்மா 1958-ஆம் ஆண்டு மணமாகி, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கு சென்றவர்கள். அதன் பின்னர் இரண்டு முறைதான் தாயகம் வந்தார்கள். மூன்றாவது முறையாக 2009-இல் வந்தபோது அவர்களுக்கு எழுபது வயது கடந்திருந்தது. சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் உடன் வந்திருந்தன. திருமண வீடுகளுக்குப் போனது போக, ஊர் பார்க்க அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள்.

அந்த ஒரு நாளில் பன்னிரண்டு இடங்களைக் காட்டிவிட வேண்டும் என்று நான் திட்டமிட்டேன். மலைக்கோட்டை, தெப்பக்குளம், நத்தர்ஷா தர்கா, திருவரங்கம், திருவானைக்காவல், கிழக்கே கல்லணை, தெற்கே மயில்கள் உலவும் விராலிமலை என்று பட்டியல் நீண்டது. கடைசியில், மேற்கே முக்கொம்பு. நான்கு திசையிலும் உள்ள இடங்களை ஒரே பகலில் பார்ப்பது நடக்கக்கூடியதா என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை.

நண்பகலுக்குள் ஏழு இடங்கள் முடிந்தன. முடிந்தன என்றால், வேன் நின்றது, இறங்கினோம், ஏறினோம் என்று பொருள். உறவினர் குழந்தைகள் இருவருக்கு வாந்தி. பெரியம்மா ஒளு செய்வதற்கு ஓர் இடம் தேடி அலைந்தோம். பெண்கள் தொழுவதற்கு வசதியான பள்ளிவாசல் வழியில் எங்கே இருக்கிறது என்று நான் முன்கூட்டியே விசாரித்து வைக்கவில்லை. லுஹரும் அஸரும் நெருங்கிவிட்ட வேளையில், சாலையோர மரத்தடியில் புட்டித் தண்ணீரில் ஒளு செய்து, வேன் இருக்கையில் அமர்ந்தபடியே தொழுதார்கள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

காலையிலிருந்து அவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "ஏந்தம்பி, முக்கொம்புல இப்பத் தண்ணி போகுதா?" மூன்று முறை கேட்டார்கள். "போகுது பெரியம்மா, கடைசியாப் போகலாம்" என்று மூன்று முறையும் சொன்னேன். விராலிமலையிலிருந்து திரும்பும்போதே இருட்டிவிட்டது. "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றேன். மறுநாள் விடியற்காலை அவர்களுக்கு விமானம்.

அடுத்த ஆண்டு அவர்கள் வபாத்தான செய்தி வந்தது. அவர்களுடைய மகள், என் அக்கா, தொலைபேசியில் அழுதுகொண்டே ஒன்றைச் சொன்னார். கல்யாணத்துக்கு முந்திய வாரம் பெரியம்மாவை அவர்களுடைய அத்தா முக்கொம்புக்கு மாட்டு வண்டியில் அழைத்துப்போய், ஆற்றில் கால் நனைக்கச் சொன்னாராம். "இந்தத் தண்ணியை மறந்துடாதே" என்றாராம். அந்த இடத்தில் மீண்டும் ஒரு முறை கால் வைக்க வேண்டும் என்பதே அவர்களின் ஆசையாக இருந்திருக்கிறது.

பன்னிரண்டு இடங்களில் பதினோரு இடங்களை நான் எனக்காகவே காட்டியிருக்கிறேன். அவர்களுக்கென்று இருந்தது ஒன்றுதான். அதைக் காட்டவில்லை.

முதலில் கேளுங்கள்

இப்ராஹீம் (அலை) அவர்கள் விருந்தினர் வந்தபோது "உண்கிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டிராமல் சத்தமின்றி உள்ளே சென்று உணவு கொண்டுவந்தார்கள் என்று திருமறை கூறுகிறது. உணவுக்கு அதுவே அழகு. கேட்டால், வந்தவர் கூச்சத்தால் "வேண்டாம்" என்பார். ஊர் காட்டுவதில் முறை வேறு. அங்கே கேட்காமல் செய்வதுதான் தவறு. அவருடைய மனத்தில் இருக்கும் இடம் எது என்பது நமக்கு எப்படித் தெரியும்?

2024 டிசம்பரில் பெரியம்மாவின் பேத்தி, தன் கணவருடனும் இரண்டு பிள்ளைகளுடனும் பினாங்கிலிருந்து வந்தாள். வந்த அன்று இரவே உட்காரவைத்து, "ஊரில் எதைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள்? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்" என்றேன்.

அவள் தயங்காமல், "நன்னி சொன்ன ஆறு, மாமா" என்றாள். கணவர் சற்று யோசித்தார். "எங்க வாப்பா ஜமால் காலேஜ்ல படிச்சவங்க. அந்த வாசல்ல நின்னு ஒரு படம் எடுத்து அவங்களுக்கு அனுப்பணும். அது போதும்" என்றார். எட்டு வயதுப் பையனுக்கு ரயில் எஞ்சின். ஐந்து வயதுப் பெண்ணுக்கு மலை.

எண்ணிப் பாருங்கள். இந்த நான்கில் மலை ஒன்றுதான் என் பழைய பட்டியலின் தலைப்பில் இருந்தது. ஆறு கடைசியில் இருந்தது. கல்லூரி வாசலும் ரயில் எஞ்சினும் அதில் இல்லவே இல்லை.

என் மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டே, "நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து முப்பத்திரண்டு வருஷமாகுது. மலைக்கோட்டையில இதுவரைக்கும் ஏறினதில்லை" என்றாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. விருந்தினர் வரும் நாளில் வீட்டுப் பெண்கள் அடுப்படியிலேயே அடைந்து கிடப்பது நம் வழக்கமாகிவிட்டது. மறுநாள் எங்களுடன் அவளும் வருவதென்று முடிவாயிற்று. சமையல் எளிதாக இருக்கட்டும் என்று அவளே சொன்னாள். மசாலாவை இரவே அரைத்து வைத்தாள்.

வைகறையில் மலைக்கோட்டை

சுபுஹு தொழுதுவிட்டு, வெயில் ஏறுமுன் மலைக்கோட்டைக்குச் சென்றோம். திருச்சியில் மார்கழியில்கூடப் பத்து மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கிவிடும். நகரின் நடுவே 83 மீட்டர் உயரத்தில் தனித்து நிற்கும் பாறை அது. நானூறுக்கும் மேற்பட்ட படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம். கீழே தெப்பக்குளக் கரையில் நின்று பார்த்தாலும் மலையின் கம்பீரம் முழுமையாகத் தெரியும்.

வழியில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்த குகை இருக்கிறது. நடுவே தாயுமானவர் கோயில். உச்சியில் பிள்ளையார் கோயில். பிற சமயத்தார் எதுவரை செல்லலாம் என்று அங்கங்கே அறிவிப்புப் பலகை சொல்லும். அதற்கு மேல் ஓரடியும் வைக்கலாகாது. நம் பள்ளிவாசலின் ஒழுங்கை மற்றவர்கள் மதிக்க வேண்டும் என்று விரும்புகிற நாம், அவர்களின் ஒழுங்கை மதிப்பதே நீதி.

உச்சியில் நின்றால் ஊரே ஒரு படம்போல விரியும். வடக்கே காவிரி, அதற்கப்பால் கொள்ளிடம், இரண்டுக்கும் நடுவே தீவாகத் திருவரங்கம். தெற்கே பொன்மலை. விருந்தினருக்கு ஊரைச் சொல்லித் தருவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஓர் உயரமான இடம் இருக்கும். அங்கிருந்தே நாளைத் தொடங்குங்கள். பிறகு பார்க்கும் இடங்களெல்லாம் அவர்களுக்கு ஒன்றோடொன்று பொருந்தும்.

அங்கே எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. "இந்த மலைக்குக் கீழே தஞ்சாவூர்வரை ஒரு சுரங்கப் பாதை இருக்கிறது" என்று சிறுவயதில் கேட்ட கதையைப் பையனுக்குச் சொன்னேன். அவன் கண்களை அகல விரித்து, "நன்னா, நீங்க அதுக்குள்ளே போயிருக்கீங்களா?" என்று கேட்டான். "இல்லை" என்றேன். "போனவங்களைப் பார்த்திருக்கீங்களா?" "இல்லை." அவன் ஒன்றும் சொல்லாமல் அடுத்த படியில் இறங்கினான்.

கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்வதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்பது நபிமொழியின் கருத்தல்லவா? ஊரைக் காட்டுகிறவர் சொல்வதை விருந்தினர் நம்பித் தம் ஊருக்கு எடுத்துச்செல்கிறார்கள். அது ஓர் அமானிதம். தெரிந்ததைத் தெரிந்ததென்றும், கதையைக் கதையென்றும் பிரித்துச் சொல்வதே நேர்மை.

பகைவர் இருவர் துயிலும் இடம்

மலையிலிருந்து இறங்கி, மதுரை சாலையிலுள்ள நத்தர்ஷா தர்காவுக்குச் சென்றோம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்து மார்க்கப் பணியாற்றி மறைந்தவர்கள் என்று நத்தர் வலி அவர்களை மரபு கூறுகிறது. தப்லே ஆலம் பாதுஷா என்பது அவர்களின் சிறப்புப் பெயர். நவாபுகள் காலத்தில் இந்த நகருக்கே நத்தர் நகர் என்ற பெயரும் வழங்கியது.

ஜியாரத் செய்பவர்கள் செய்கிறார்கள். வரலாறு அறிய வருபவர்களுக்கும் அங்கே ஒரு பெரும் பாடம் காத்திருக்கிறது. அந்த வளாகத்தில்தான் சந்தா சாகிபும், ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவும் அடங்கியிருக்கிறார்கள்.

இந்த இருவரும் யார்? கர்நாடக நவாப் பதவிக்காக ஒருவரையொருவர் அழிக்கப் போரிட்டவர்கள். சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. முஹம்மது அலிக்கு ஆங்கிலேயர் துணை. 1751-இல் முஹம்மது அலி இதே திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்டுக் கிடந்தார். அந்த முற்றுகையைத் தளர்த்துவதற்காகவே கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். 1752-இல் நிலைமை தலைகீழாயிற்று. திருவரங்கத் தீவில் முடக்கப்பட்ட சந்தா சாகிப் சரணடைந்து கொல்லப்பட்டார். வென்ற முஹம்மது அலியோ, ஆங்கிலேயரிடம் பட்ட கடனில் மூழ்கி, 1795-இல் சென்னையில் காலமானார். அவருடைய உடலும் இங்கேதான் கொண்டுவரப்பட்டது. ஒரே கோட்டைக்காகப் போரிட்ட இருவருக்கும் கடைசியில் ஒரே வளாகத்தில் ஆளுக்கு ஆறடி மண்!

விருந்தினரிடம் இதைச் சொல்லும்போது மற்றொன்றையும் மறைக்காமல் சொன்னேன். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், நாயக்க அரசி மீனாட்சிக்கு அளித்த வாக்கை மீறித்தான் சந்தா சாகிப் இந்தக் கோட்டையைக் கைப்பற்றினார். நம்மவர் என்பதற்காக அதை விழுங்கிவிடலாகாது. நம் ஊர் வரலாற்றில் நம்மவரின் சிறப்பை மட்டும் சொல்லிவந்தால், பிள்ளைகள் வளர்ந்து படித்து உண்மையை அறியும் நாளில் நாம் சொன்ன நல்லவற்றையும் நம்பமாட்டார்கள்.

அண்டை வீட்டாரின் ஆலயங்கள்

வீட்டுக்கு வந்து பசியாறிவிட்டு, காவிரிப் பாலம் கடந்து திருவரங்கம் சென்றோம். ஏழு திருச்சுற்றுகளும் இருபத்தொரு கோபுரங்களும் கொண்ட கோயில் அது. தெற்கு வாயிலில் நிற்கும் ராஜகோபுரம் 236 அடி உயரம். நெடுங்காலம் முற்றுப்பெறாமல் நின்ற அந்தக் கோபுரம் 1987-இல்தான் நிறைவுற்றது. கோபுரத்தைக் காண வெளியே தெருவில் நின்றாலே போதும். வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாள்களில் மட்டும் அந்தப் பக்கம் விருந்தினரை அழைத்துச்செல்லாதீர்கள். பாலத்திலேயே பாதிப் பகல் கழிந்துவிடும்.

இந்தக் கோயிலுக்குள் துலுக்க நாச்சியார் சந்நிதி ஒன்று இருப்பதையும், அங்கே ரொட்டி படைக்கப்படுவதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தில்லி சுல்தானின் மகள் அரங்கன்மீது அன்பு கொண்டாள் என்பது அவர்கள் வழங்கும் கதை. அது நடந்ததா இல்லையா என்ற வழக்கு நமக்கு வேண்டாம். அது அவர்களின் நம்பிக்கை. நம் நம்பிக்கை வேறு. ஆனால், போரும் கொள்ளையும் நடந்த காலத்தின் நினைவில்கூட, முஸ்லிம் பெண்ணொருத்திக்கு அவர்கள் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. பேத்தியின் கணவர், "இதை எங்க ஊர்ல யாருமே சொன்னதில்லை" என்று வியந்தார்.

திரும்பும் வழியில் தெப்பக்குளத்தருகே புனித சூசையப்பர் கல்லூரி. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-இல் திருச்சிக்கு வந்த கல்லூரி. இராமேசுவரத்திலிருந்து வந்த ஓர் எளிய மரைக்காயர் வீட்டுப் பிள்ளை இங்கே இயற்பியல் படித்து 1954-இல் பட்டம் பெற்றார். பின்னாளில் அவர் குடியரசுத் தலைவரானார். டாக்டர் அப்துல் கலாமின் பெயரைச் சொன்னதும் பையன் வண்டியின் சன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தான்.

பிறகு ஜமால் முஹம்மது கல்லூரி. ஜமால் முஹம்மது சாஹிப், காஜாமியான் ராவுத்தர் ஆகிய இருவரின் பெயரும் அதன் வரலாற்றோடு பிரிக்க முடியாதவை. 1951-இல் தொடங்கப்பட்டது முதல், எத்தனையோ ஏழை வீடுகளில் முதற்பட்டதாரியை உருவாக்கிய இடம். வாசலில் நின்று படம் எடுத்து அனுப்பினார் பேத்தியின் கணவர். ஐந்து நிமிடத்தில் பினாங்கிலிருந்து அவருடைய வாப்பா தொலைபேசியில் வந்துவிட்டார். எண்பதை நெருங்கும் மனிதர், "அந்த வேப்பமரம் இருக்கா? டீக்கடை இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மரம் எதுவென்று எங்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியை நீட்டிப் பிடித்து எல்லா மரங்களையும் காட்டினோம். அவர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசலில் அரைமணி நேரம் நின்றோம். எந்தச் சுற்றுலா வழிகாட்டியிலும் இடம்பெறாத அரைமணி அது.

நண்பகலில் வீடு திரும்புங்கள்

ஊர் காட்டும் நாளில் நண்பகல் உணவுக்கு வீடு திரும்புவது வீண் அலைச்சல் என்று பலர் எண்ணுகிறார்கள். நான் இப்போது அதற்கு நேர்மாறாகச் சொல்வேன். லுஹர் தொழுகைக்கு வீடுதான் வசதி. பெண்களுக்கும் முதியவர்களுக்கும் கழிப்பறை வசதி, ஒளு வசதி, சற்றுச் சாய்ந்துகொள்ள ஒரு பாய், மாத்திரை உண்பதற்குரிய நேரத்தில் உணவு ஆகியவை அங்கேதான் கிடைக்கும். நண்பகலில் சிறிது கண்ணயர்வது நம் முன்னோர் பேணிய நல்வழக்கமும் ஆகும்.

அன்று எங்கள் வீட்டில் சோறு, தால்ச்சா, பொரித்த மீன். அவ்வளவுதான். பிரியாணி இல்லையே என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. பினாங்கிலும் தினம் பிரியாணி கிடைக்கிறதே!

சிறுவனுக்கு வாக்களித்த ரயில் எஞ்சினை, பிற்பகலில் புறப்படும்போது சந்திப்பு நிலையத்தருகேயுள்ள ரயில்வே அருங்காட்சியகத்தில் காட்டினோம். ஊட்டி மலை ரயிலுக்கான நீராவி எஞ்சின்களில் சில நம் பொன்மலைப் பணிமனையிலேயே செய்யப்பட்டவை என்று சொன்னபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர்களின் ஆசைக்கு நடுவே பிள்ளைகளின் ஆசை ஒன்றையும் நிறைவேற்றிவிடுங்கள். மீதிப் பயணத்தை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

ஆறு பிரியும் இடத்தில்

அஸர் தொழுதுவிட்டு முக்கொம்பை அடைந்தோம். நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர். காவிரி இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை கொள்ளிடம். தெற்குக் கிளை காவிரி என்ற பெயருடனேயே தொடர்கிறது.

எங்களுடன் வந்திருந்த என் மகன் வீட்டுப் பேத்தி எட்டாம் வகுப்பு மாணவி. இந்த இடத்தை விளக்கும் பொறுப்பை முதல் நாளே அவளிடம் ஒப்படைத்திருந்தேன். அவள் இரண்டு கைகளையும் சேர்த்து, பிறகு அகற்றி, மீண்டும் விரல்நுனிகளை நெருக்கிக் காட்டினாள். "இங்கே பிரியுது. நடுவுல இருக்கிறது ஸ்ரீரங்கம். கல்லணைகிட்ட ரெண்டும் மறுபடி சேரப் பார்க்குது. சேர்ந்துட்டா தஞ்சாவூருக்குத் தண்ணி கிடைக்காது. அதனாலதான் கரிகாலன் அணை கட்டினான்" என்றாள். நான் சொல்லியிருந்தால் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

மீதியை நான் சொன்னேன். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. ஆகவே காலப்போக்கில் நீரெல்லாம் அந்தப் பக்கமே ஓடத் தொடங்கியது. காவிரியில் மணல் மேடிட்டு, தஞ்சை வயல்கள் வறண்டன. இதைத் தடுக்க 1836-இல் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இங்கே கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். மணற்படுகையில் அணை நிற்குமா என்ற ஐயத்துக்கு, ஆற்று மணலில் கற்களை அமிழ்த்தி எழுப்பிய பழைய கல்லணை அவருக்குச் சான்றாக இருந்தது. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளத்தின்போது மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதன் பின்னர் புதிய கதவணை கட்டப்பட்டது.

கல்லணையை அன்று நாங்கள் பார்க்கவில்லை. அது கிழக்கே, எதிர்த்திசையில் இருக்கிறது. "அடுத்த தடவை வரும்போது" என்று விட்டுவிட்டோம். விருந்தினர் மீண்டும் வருவதற்கு ஒரு காரணத்தை மீதி வைப்பதும் நல்லதுதானே!

மதகுகளின் அருகே நீரில் இறங்குவது ஆபத்து. ஆகவே அவற்றிலிருந்து விலகி, ஆழமில்லாத கரையோரம் ஒன்றில் பிள்ளைகளைக் கைபிடித்து இறக்கினோம். பேத்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கணுக்கால் அளவு நீரில் நின்றாள். "இந்த இடமாத்தான் இருக்குமா மாமா?" என்று கேட்டாள். காலையில் சுரங்கப் பாதைப் பாடம் படித்திருந்தேனே! "அது எனக்குத் தெரியாதும்மா. ஆறு இதுதான்" என்றேன். அவள் தலையசைத்தாள். சற்றுநேரம் கைகளை ஏந்தித் தன் நன்னிக்காகத் துஆச் செய்தாள். என் மனைவியும் அவள் அருகில் போய் நின்றுகொண்டாள்.

நான் கரையிலேயே நின்றேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வேன் இருக்கையில் அமர்ந்து தொழுத அந்த முதியவரின் முகம் நினைவுக்கு வந்தது. அவர்களுக்குச் செய்யத் தவறியதை அவர்களின் பேத்திக்குச் செய்ததால் கணக்கு நேராகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். தவறியது தவறியதுதான். இறைவன் மன்னிக்கப் போதுமானவன்.

சூரியன் மறைவதற்குள் கிளம்பி, வழியில் பெண்களுக்குத் தனி இடமுள்ள ஒரு பள்ளிவாசலில் மஃரிப் தொழுதோம். அந்தப் பள்ளியை இரண்டு நாள் முன்பே விசாரித்து வைத்திருந்தேன்.

நினைவில் வைக்கச் சில

உங்கள் இல்லத்துக்கும் விருந்தினர் வருவார்கள். அப்போது பின்வருவனவற்றை மறவாதீர்கள்.

1. இடங்களை எழுதுமுன் ஆளுக்கு ஓர் ஆசையைக் கேளுங்கள். முதியவர்களிடம் இரண்டு முறை கேளுங்கள். அவர்கள் முதல் முறை "உன் இஷ்டம்" என்றே சொல்வார்கள்.

2. அவர்கள் சொன்ன இடத்தை நாளின் கடைசியில் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் அதற்குரிய நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைக் குறையுங்கள்.

3. ஒரு பகலில் ஒரே திசையிலோ அடுத்தடுத்த இடங்களிலோ சுற்றுங்கள்.

4. தொழுகை நேரங்களை முளைகளாக அடித்துக்கொண்டு, அவற்றின் நடுவே பயணத்தைக் கட்டுங்கள். பெண்கள் ஒளு செய்யவும் தொழவும் வசதியுள்ள இடங்களை முன்னரே அறிந்து வையுங்கள்.

5. வீட்டுப் பெண்களையும் அழைத்துச்செல்லுங்கள். சமையல் ஒரு வேளை எளிதாக இருந்தால் எந்த விருந்தினரும் கோபித்துக்கொள்வதில்லை.

6. ஓர் இடத்தை விளக்கும் பொறுப்பை உங்கள் பிள்ளைகளிடம் விடுங்கள். பிறருக்குச் சொல்வதற்காகவாவது அவர்கள் தம் ஊரைப் படிப்பார்கள்.

7. தெரியாததைத் "தெரியாது" என்று சொல்லுங்கள்.

அன்றிரவு படுக்கப்போகும்போது என் மனைவி, "மலைக்கோட்டையில இருந்து பார்த்தப்ப நம்ம தெரு எது, நம்ம வீடு எதுன்னு தேடினேன். கண்டுபிடிக்க முடியலை. இன்னொரு தடவை போகணும்" என்றாள்.

விருந்தினர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு சுபுஹுக்குப் பிறகு.